பம்பருக்குப் பின்னால் ஒரு சாண்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பந்தயம் பார்க்கப் போய், நாலரை மணி நேரம் அதன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பந்தயத்தை ஒழுங்காகப் பார்க்காமல் திரும்பி வந்த ஆள் நான். பார்த்ததெல்லாம் கார்களின் டிக்கி, கார்களின் நம்பர் ஸ்டிக்கர், கார்களின் சிவப்பு விளக்கு. ஆனாலும் இன்றுவரை யாரைப் பார்த்தாலும் அந்தக் கதைதான் வாயில் வருகிறது. வீட்டில் எல்லாரும் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. இனி உங்கள் முறை. வாங்க, பின் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அந்த ஐஸ் பெட்டிமேல் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள், மெக்கானிக்குக் கோபம் வரும்.

பந்தயத்தின் பெயர் ஸ்கெல்டெபிரைஸ். ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மிகப் பழைய சைக்கிள் பந்தயம், 1907-இல் தொடங்கியது. உலகமே கொண்டாடும் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ்கூட இதற்கு ஆறு வயது இளையது. நெதர்லாந்தின் டெர்னூசன் ஊரில் கிளம்பி, எல்லை தாண்டி, பெல்ஜியத்தின் ஸ்கோட்டனில் முடியும். 200 கிலோமீட்டர் அளவு. மலை கிடையாது, மேடு கிடையாது, தோசைக்கல் மாதிரி தட்டை. கடைசி நூறு மீட்டரில் பாய்கிற ஸ்பிரிண்டர்களுக்கு இது சொந்தத் திருவிழா. ஜெர்மனியின் மார்செல் கிட்டல் ஐந்து முறை ஜெயித்திருக்கிறார். மேடு இல்லாத ஊரில் வீரனுக்கு எதிரி யார்? காற்று. கடலை மறித்து மீட்டெடுத்த நிலம் அது. மறைக்க ஒரு குன்று இல்லை; வீசுகிற காற்று வயல் வயலாக ஓடி வந்து நேராக முகத்தில்தான் முட்டும்.

எனக்கு இடம் கிடைத்தது ஒரு டீம் காரின் பின் சீட்டில். எந்த அணி என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் செய்த சில்லறைத் திருட்டையெல்லாம் எழுதப் போகிறேன், பெயரைப் போட்டால் அடுத்த முறை ஏற்ற மாட்டார்கள்.

காரோட்டுபவர்தான் அணியின் மேலாளர். பழைய பந்தய வீரர். இப்போது தொப்பை, அப்போதைய முழங்கால் தழும்பு, இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் வயர்லெஸ் மைக், மடியில் சாண்ட்விச். டாஷ்போர்டில் சின்னதாக ஒரு டி.வி. பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய காகிதம்: எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தத் திருப்பம், அங்கே காற்று எந்தப் பக்கம் என்று அம்புக்குறிகள். ஒரு ரேடியோவில் பந்தய அறிவிப்பு, இன்னொன்றில் அணி வீரர்களின் மூச்சிரைப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். மூன்றாவதாக அவர் பேசுவார்.

பின் சீட்டில் எனக்கு அடுத்தாற்போல மெக்கானிக். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. மடியில் சக்கரம், கால்களுக்கு இடையில் சக்கரம், விரல் நகத்தில் கிரீஸ். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஐஸ் பெட்டி, அதன்மேல் மழைக்கோட்டு, அதன்மேல் யாருடையதோ ஒற்றை ஷூ. காருக்குள் ஒரு மணம்: தைலம், ஆரஞ்சுத் தோல், தேய்ந்த கிளட்ச், நேற்றைய ஈர சாக்ஸ். “ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க,” என்றான் மெக்கானிக், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு. “கதவு ஓரமா மூடி இல்லாம இருக்கிற பாட்டில்லேருந்து எதையும் குடிச்சிடாதீங்க. நாலரை மணி நேரம் பாருங்க, இறங்க முடியாது.” புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு என் கையிலிருந்த வாழைப்பழத்தை மட்டும் நம்பினேன். கிளம்பும்போது விடுதிக் காலை உணவு மேசையிலிருந்து இரண்டு எடுத்துப் பையில் போட்டிருந்தேன்.

வண்டி நகர்ந்தது. சும்மா நகரவில்லை, குபீரென்று பாய்ந்தது. சைக்கிள் பந்தயத்துக்குப் பின்னால் இப்படியொரு கார் ஊர்வலம் வருவது டி.வி.யில் தெரியவே தெரியாது. வீரர் கூட்டம், அதன் பின்னால் தலைமை நடுவரின் கார், பிறகு டாக்டர், பிறகு ஒவ்வொரு அணியின் காரும் எண் போட்ட வரிசையில். எங்களுக்கு எண் 14. முன்னால் போகிறவரின் பம்பரை முத்தமிடாத குறையாக ஓட்டுகிறார்கள். ரவுண்டானா வந்தால் பாதி கார் இடப்பக்கம், பாதி வலப்பக்கம். ஹாரன் நம்மூர் மாதிரியே! ஐரோப்பாவில் ஹாரனே அடிக்க மாட்டார்கள் என்று எனக்குச் சொன்னவரை அந்தக் காரில் உட்கார வைக்க வேண்டும்.

இனி, நான் எதற்காக இவ்வளவு குதிக்கிறேன் என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் புவியியலில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்திருப்போம். மலை மழையைத் தடுத்துவிட, அதன் மறுபக்கம் காய்ந்து கிடக்கும். அதேபோல ஓடுகிற காருக்குப் பின்னால் ஒரு காற்று மறைவு உண்டு. கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அதன் முதுகில் ஒட்டியிருப்பவனுக்குக் காற்று இல்லை. மணிக்கு 45 கிலோமீட்டரில் சைக்கிள் மிதிக்கிறவன் செலவழிக்கிற சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. அந்தக் காற்றை வேறொருவர் தள்ளிக்கொடுத்தால்? கரும்பு டிராக்டரின் பின்பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. நான் போயிருக்கிறேன். வாத்தியாரிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

இங்கே வாத்தியார் வேலை நடுவருக்கு. விதிப்புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது: வாகனத்தின் மறைவில் ஓட்டக்கூடாது, வாகனத்தைப் பிடிக்கக்கூடாது. அபராதம் ஸ்விஸ் ஃபிராங்கில். மிஞ்சினால் பந்தயத்தை விட்டே வெளியே. ஆனால் இந்த ஊர்வலத்தில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள், எங்கும் காற்று மறைவுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. கடன் போல, கைமாற்று போல, சில சமயம் தர்மம் போல.

முதலில் வந்தது தண்ணீர்க்காரப் பையன். ஒவ்வோர் அணியிலும் இப்படி ஒன்றிரண்டு பேர். ஜெயிப்பது அவர்கள் வேலையில்லை. தலைவனுக்குத் தண்ணீர் சுமப்பதுதான் வேலை. கூட்டத்திலிருந்து பின்தங்கி, பதிமூன்று கார்களைக் கடந்து, எங்கள் ஜன்னலோரம் வந்து நின்றான். நின்றான் என்பது ஒரு பேச்சுக்கு. இருவரும் 45-இல் ஓடிக்கொண்டிருக்கிறோம். மேலாளர் பாட்டில் பாட்டிலாக நீட்ட, பையன் வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே இருந்தான். முதுகில் மூன்று, நெஞ்சுக்குள் இரண்டு, கழுத்துக்குப் பின்னால் ஒன்று. ஆறு பாட்டில் செருகியதும் நிறைமாத கர்ப்பிணி மாதிரி ஆகிவிட்டான்.

ஏழாவது பாட்டிலில்தான் வேடிக்கை. மேலாளர் கொடுத்தார், பையன் பிடித்தான். ஆனால் மேலாளர் விடவில்லை. பையனும் விடவில்லை. இருவர் கையும் நீண்டு விறைக்க, காரின் வேகம் மெல்ல ஏறியது. பையன் பெடலை நிறுத்திவிட்டான்! ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மெக்கானிக் வாய்க்குள் எண்ணினான். ஐந்துக்குப் பக்கத்து மோட்டார்சைக்கிள் நடுவரின் ஹாரன் ‘பீப்’ என்றது. உடனே கை விடுபட, பையன் உண்டிவில்லிலிருந்து கிளம்பிய கல் மாதிரி பறந்தான். இதற்கு பிரெஞ்சில் ஒரு பெயரே இருக்கிறது: ஒட்டிக்கொண்ட பாட்டில். மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெல்லப்பானையில் கைவிட்டு மாட்டிக்கொண்ட குழந்தை. நடுவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலக் கையை உயர்த்தினார். நடுவர் விரலை ஆட்டினார். அவ்வளவுதான் வழக்கு.

“ஐந்து எண்ணும் வரைக்கும் மரியாதை,” என்றார் மேலாளர். “பத்து எண்ணினா திருட்டு.” விதிப்புத்தகத்தில் இந்தக் கணக்கு எங்கேயும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன் வந்தான், பிரேக் உரசுகிறதாம். மெக்கானிக் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே போனான். நான் பயந்துபோய் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கை சைக்கிள் சீட்டைப் பிடித்திருக்க, மறு கையில் சின்ன ஸ்பேனர் ஏதோ திருகிக்கொண்டிருந்தது. கார் ஓட, சைக்கிளும் சும்மா கூடவே வந்தது. அரை நிமிடம் கழித்து உள்ளே வந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

“எந்த ஸ்க்ரூ?” என்று கேட்டேன்.

“எதுவும் இல்லை,” என்றான். “பையனுக்கு மூச்சு வாங்குச்சு.”

இந்த விளையாட்டுக்கு எல்லை இல்லாமலில்லை. 2015-இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் இத்தாலியின் வின்சென்சோ நிபாலி, அதற்கு முந்தைய ஆண்டு டூர் டி ஃபிரான்ஸையே ஜெயித்தவர், ஒரு விபத்தில் சிக்கிப் பின்தங்கி, துரத்திக்கொண்டு வரும்போது தன் அணிக் காரைப் பிடித்துக்கொண்டு சர்ரென்று முன்னேறினார். மேலேயிருந்து ஹெலிகாப்டர் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2017 பாரிஸ்–நீஸ் பந்தயத்தின் முதல் நாளே பிரான்சின் ரோமன் பார்தேவுக்கும் அதே கதி. எங்கள் காரில் இந்தப் பேச்சு வந்ததும் மேலாளர் சொன்னது: “தப்பு பண்ணினது பெரிசு இல்லை. அத்தனை வேகமாப் பண்ணினாங்க பாருங்க, அதுதான் தப்பு.” அவருடைய நீதி எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்பதாவது கிலோமீட்டர் வாக்கில் ஒரு மந்தம். வயல், வாய்க்கால், மறுபடி வயல். கார்கள் வரிசையாக ஓரங்கட்ட, மேலாளர்கள் எல்லாரும் ஒரே வாய்க்காலைப் பார்த்து முதுகு காட்டி நின்றார்கள். டி.வி.யில் வராத காட்சிகளில் இதுவும் ஒன்று, வராமலே இருக்கட்டும். திரும்பி ஏறியதும் மேலாளருக்குக் கதை சொல்லும் மனநிலை வந்துவிட்டது.

அமெரிக்காவில் சார்லஸ் மர்ஃபி என்று ஒருவர். ரயிலுக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டி ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் கடப்பேன் என்று சவால் விட்டார். 1899 ஜூன் 30, லாங் ஐலண்ட். தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பதித்து, ரயில் பெட்டியின் பின்னால் காற்றை மறைக்கக் கூடாரம் மாதிரி கட்டி, மனிதர் மிதித்தார். 57.8 நொடி. செத்துப்போகும் வரை ‘மைல்-எ-மினிட்’ மர்ஃபி என்றுதான் பெயர். அந்தப் பைத்தியம் இன்னும் தீரவில்லை: 2018-இல் டெனிஸ் முல்லர்-கோரெனெக் என்ற அமெரிக்கப் பெண்மணி, போன்வில் உப்புவெளியில் பந்தயக் காரின் மறைவில் சைக்கிளில் மணிக்கு 296 கிலோமீட்டர் போனார். விமானம் தரையை விட்டு எழும்புகிற வேகம் அது!

ஆனால் மேலாளரின் கண் பளபளத்தது பழைய வீரர் ஆங்க்டீலின் கதைக்குத்தான். போர்தோ–பாரிஸ் என்று அந்தக் காலத்தில் ஒரு பந்தயம் இருந்தது. 550 கிலோமீட்டருக்கு மேல், இருட்டில் கிளம்பி ஒரே மூச்சில். பிற்பாதி முழுக்க ஒவ்வொரு வீரனுக்கும் முன்னால் ஒரு டெர்னி போகும். மோட்டாரும் பெடலும் சேர்ந்த குள்ள வண்டி, அதன்மேல் கறுப்பு உடுப்பில் ஓர் ஆசாமி நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை மறைப்பார். அங்கே காற்று மறைவு திருட்டு இல்லை, அதுதான் பந்தயமே. 1965-இல் ஜாக் ஆங்க்டீல், டோஃபினே என்ற பல நாள் மலைப் பந்தயத்தை ஜெயித்த அன்றைக்குச் சாயங்காலமே விமானம் ஏறி போர்தோ போய், தூங்காமல் கிளம்பி, மறுநாள் பாரிஸிலும் ஜெயித்தார். “முன்னாடி டெர்னி ஓட்டினவருக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்?” என்றார் மேலாளர். “பின்னாடி வர்றவன் தூங்கி விழுந்தா தெரியணுமே. நான் பின்கண்ணாடியிலே பாக்கிறது அதைத்தான்.”

அவர் வாய் மூடவில்லை. ரேடியோவில் எங்கள் அணியின் பெயர், கூடவே ‘லெக்கே பாந்த்’. பஞ்சர்!

நண்பர்களே, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கார் வரிசையைப் பிளந்துகொண்டு சீறியது. முன்னால் இருந்த பதிமூன்று கார்களும் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கின. வலது ஓரத்தில் ஒரு வீரன் கையை உயர்த்தி நிற்கிறான். கார் நிற்பதற்கு முன்பே மெக்கானிக் கீழே! மடியிலிருந்த சக்கரம் என் முழங்காலில் இடித்துவிட்டு அவனோடு போனது. பழைய சக்கரம் புல்லில் விழ, புதியது உள்ளே போக, அச்சு திருக, முதுகைப் பிடித்து ஒரு தள்ளு. தள்ளிக்கொண்டே இருபது முப்பது தப்படி ஓடினான். நான் இருபது எண்ணி முடிக்கவில்லை. திரும்பி வந்து விழுந்தவனின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

எங்கள் கார் அந்த வீரனைக் கடந்து முன்னால் போய், வேகத்தைக் குறைத்தது. அவன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டான்.

நான் திரும்பி மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தக் காட்சியை எப்படிச் சொல்ல! கண்ணாடிக்கு அப்பால் ஒரு மீட்டரில் ஒரு மனித முகம். உதட்டோரம் உப்பு, மூக்கு நுனியில் தொங்கும் துளி, பல்லில் ஒட்டிய ஏதோ இனிப்புக் களிம்பு. அவன் முன்சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். ஸ்பீடோமீட்டர் 65. அவன் என்னைப் பார்க்கவில்லை. என்னை ஊடுருவி, முன்கண்ணாடியையும் தாண்டி, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காருக்குள்ளே இருக்கும் நாங்கள் அவன் கண்ணில் படாத தூசு. அந்த நேரம் பார்த்து என் கையில் பாதி தின்ற வாழைப்பழம். அதை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. அவன் உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது அவன் மூக்குக்கு நேராக நான் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“குனியுங்க!” என்று மெக்கானிக் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அவனுக்கு ரோடு தெரியணும்.”

மேலாளர் பிரேக்கைத் தொடவே இல்லை. கியரைக் குறைத்து, இன்ஜினை உறுமவிட்டு, கண்ணாடியில் கண், ரோட்டில் கண். அந்தத் தொப்பைக்காரரின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் பதறி ஒரு மிதி மிதித்தால் பின்கண்ணாடியில் அந்த முகம். கார் இந்த உலகத்தில் தாய்மடி மட்டுமில்லை. 2011 டூர் டி ஃபிரான்ஸில் ஒரு டி.வி. கார் பக்கத்து வீரரை இடித்ததில் ஜானி ஹூகர்லாண்ட் என்ற வீரர் முள்கம்பி வேலியில் போய் விழுந்தார். 33 தையல். இதைப் பற்றி எங்கள் காரில் யாரும் பேசவில்லை; எனக்குத்தான் ஞாபகம் வந்தது.

இத்தனைக்கும் நடுவர் பைக் எங்கே? பக்கத்திலேயே. நடுவர் ரொம்ப அக்கறையாக ஒரு காற்றாலையை ரசித்துக்கொண்டிருந்தார். பஞ்சர் ஆனவனுக்கு, விழுந்து எழுந்தவனுக்குக் காற்று தர்மம், அதைக் கணக்கெடுக்கக்கூடாது. எங்கள் பையன் எங்கள் பம்பரிலிருந்து அடுத்த காரின் பம்பருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. குரங்கு மரம் தாவுவதுபோலத்தான். எதிரணிக் கார்கள்! ஒருவராவது விலகி ஓட்டி அவனைக் காற்றில் தள்ளவில்லை. நாளைக்கு அவர்கள் பையனுக்கும் பஞ்சர் ஆகும். கூட்டத்தின் வாலைப் பிடித்து உள்ளே நுழைந்ததும் ரேடியோவில் ஒற்றை வார்த்தை: “உள்ளே.” பெலோட்டானின், அதாவது வீரர் கூட்டத்தின், நடு வயிற்றுக்குள் போய்விட்டால் பிறகு கவலையில்லை. ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பெர்ட் ப்ளோக்கன் போட்ட கணக்குப்படி, அங்கே ஒருவனை எதிர்க்கும் காற்று, தனியே ஓட்டுகிறவனுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் 30 மீட்டர் தள்ளிப் போனால்கூட 12 சதவீதம் லாபம் என்றும் அவரே அளந்திருக்கிறார். டி.வி. கேமரா பைக்குகளை எல்லா மேலாளர்களும் ஏன் மாமியார் மாதிரி முறைக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு பக்கக்காற்று வந்தது. டச்சுக்காரர்கள் விசிறி என்பார்கள். காற்றுக்கு ஒதுங்க வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக விரிவார்கள். விசிறியில் இடம் கிடைக்காதவன் ஓரத்து மண்ணில். ஐந்து நிமிடத்தில் கூட்டம் மூன்றாகப் பிய்ந்தது. உடனே நடுவர் எங்களையெல்லாம் தடுத்து நிறுத்திவிட்டார். பிரெஞ்சில் பராஜ், அதாவது அணை. பின்தங்கியவர்கள் கார்களில் ஒட்டி முன்னேறிவிடக்கூடாதாம். நாங்கள் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தோம். முன்னால் வாடிய முதுகுகள். ஒருவன் திரும்பி எங்கள் காரைப் பார்த்தான். பசித்தவன் ஹோட்டல் கண்ணாடியைப் பார்ப்பானே, அப்படி. பஞ்சருக்குத் தர்மம் உண்டு, கால் வலுவிழந்தவனுக்குக் கிடையாது. கொடுமைதான், ஆனால் அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. இடைவெளி பெரிதானதும் அணை திறக்க, கார்கள் அவர்களைத் தாண்டிப் பாய்ந்தன. ஓடுகிற ரயிலில் தொற்றுவதுபோல ஒவ்வொரு பம்பராகப் பிடிக்கப் பார்த்தார்கள். இரண்டு பேருக்குக் கிடைத்தது. மற்றவர்கள் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

ஸ்கோட்டன் வந்தது. கடைசிச் சுற்று, முன்னால் போன கூட்டங்கள் மறுபடி ஒன்றாகியிருந்தன, தெருவெங்கும் பீர் கோப்பைகளும் கொடிகளும். இதோ பார்க்கப் போகிறேன் என்று சீட்டு நுனிக்கு வந்தேன். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி எல்லாக் கார்களையும் பக்கத்துத் தெருவில் திருப்பிவிட்டார். டீம் கார்களுக்கு முடிவுக்கோடு கிடையாதாம்! டாஷ்போர்டு டி.வி.யில் எல்லாரும் தலையை நுழைத்தோம். மரத்தடியில் படம் உறைந்தது. வெளியே நிஜக் கூட்டம் ஆரவாரித்தது; யார் ஜெயித்தார் என்று ரேடியோ சொன்னது; எங்கள் ஆள் இல்லை. மேலாளர் மீதி சாண்ட்விச்சை எடுத்தார்.

அணியின் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வீரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முகமெல்லாம் தூசி, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை. மெக்கானிக் வாளியும் நுரையுமாக அதற்குள் சைக்கிள் கழுவ ஆரம்பித்திருந்தான். பஞ்சர்க்காரன் கடைசியில் வந்தான். சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“பின்கண்ணாடியில வாழைப்பழம் சாப்பிட்டது நீங்கதானே?”

என்னை அவன் பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். ஆமாம் என்றேன். பையில் கையை விட்டேன். இரண்டாவது பழம் ஐஸ் பெட்டிக்கும் என் இடுப்புக்கும் நடுவே நசுங்கி, தோல் கறுத்திருந்தது. நீட்டினேன். அவன் தோலை உரித்து, இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, தோலை என்னிடமே கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினான்.